கட்டைவிரலில் ஓர் ஆறாத வெட்டு

எங்கள் பட்டறையில் கண்ணாடி வெட்டுகிறவருக்குப் பெயர் பல்லி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கிறது, அதைச் சம்பளம் வாங்கும்போது மட்டும் பயன்படுத்துவார். வால் அறுந்தாலும் திரும்ப முளைக்கிற பிராணியின் பெயரை அவருக்குச் சூட்டியது நான்தான். அவருடைய தோல் அப்படிப்பட்டது. மற்றவர்களுக்கு ஒரு வாரம் இழுக்கிற வெட்டு அவருக்கு இரண்டே நாளில் கோடாகிவிடும். அந்தக் கோட்டை எல்லோரிடமும் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்.

கண்ணாடிப் பட்டறையில் வெட்டுப்படுவது சமையல்கட்டில் சூடுபடுகிற மாதிரிதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கையில் வெட்டுப்பட்டவர் பிளாஸ்திரியைக் கழற்றி எறியும் வரை எல்லோருக்கும் டீ போட வேண்டும். கசிகிற கையோடு கண்ணாடியைத் தூக்கினால் பிடி வழுக்கும், நிலைக்கண்ணாடியில் கறை படியும். சும்மா உட்கார வைத்துச் சம்பளம் தர முதலாளிக்கு மனம் வராது. அதனால் வந்த ஏற்பாடு இது. பல்லி அண்ணன் போடுகிற டீயை வாயில் வைக்க முடியாது. ஆனால் அவர் தோல் இருக்கிற லட்சணத்துக்கு அந்தத் தண்டனை ஒருநாளும் நீண்டதில்லை என்பதால் பொறுத்துக்கொண்டு குடித்துவிடுவோம்.

இந்த முறை அது முடிகிற வழியாகத் தெரியவில்லை.

இடது கை, கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடம். சன்னல் கண்ணாடியில் கோடு போட்டுத் தட்டி உடைக்கும்போது ஓரம் சறுக்கியிருக்கிறது. ஆழமான வெட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. வழக்கம்போலத் தண்ணீரில் காட்டிவிட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டார். ஒரு வாரம் போனது, அடுத்ததும் போனது, பல்லி இன்னும் அடுப்பருகேதான் நிற்கிறார். டீ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. நான் விளிம்பு தேய்க்கிறவள். என் இயந்திரமும் அவருடைய வெட்டு மேசையும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு நாள் டம்ளரை வாங்குகிற சாக்கில் கையைப் பிடித்து இழுத்து, பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

பொருக்குத் தட்டவே இல்லை. ஓரங்கள் வெளுத்து, ஊறிப்போய், நடுவில் சிவப்பு அப்படியே இருந்தது. நேற்றுப் பட்ட காயம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"என்னண்ணே இது?"

"ஆறிடும். விடு," என்று கையைப் பிடுங்கிக்கொண்டார்.

எனக்கு ஒரு கெட்ட குணம். எதற்கும் காரணம் தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டார். என்னைக் கேட்டால், மூக்கு இருப்பதே நுழைப்பதற்குத்தான்.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். நாள் முழுக்க டம்ளர் கழுவினால் புண் எப்படிக் காயும்? அவரை அடுப்படியிலிருந்து விலக்கி, கணக்கு மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். நான்கு நாள் கை காய்ந்தே இருந்தது, புண் மட்டும் காயவில்லை. அடுத்து, உள்ளே கண்ணாடிச் சில் தங்கியிருக்குமோ என்று பார்த்தோம். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் முதலில் வருகிற பயம் அது. அழுத்திப் பார்த்தால் குத்தவில்லை.

அப்போதுதான் மீசை ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். சட்டம் பொருத்துகிற ஆள் அவர், பட்டறையில் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்கிறவரும் அவர்தான்.

"எல்லாம் அந்தப் புதுச் சரக்கு. பச்சைக் கண்ணாடி வந்துச்சே, அதுல என்னமோ கலந்திருக்கான். பல்லி அதுலதான் வெட்டிக்கிட்டான்."

இது எல்லோருக்கும் பிடித்துப்போனது. குற்றவாளியைப் பார்சலாகவே அனுப்பி வைத்த மாதிரி வசதியாக இருந்தது. பச்சைக் கண்ணாடியைத் தொட ஆள் கிடையாது. சுமை இறக்குகிறவர் இரண்டு கையுறை போட்டுக்கொண்டு தூக்கினார். முதலாளி சரக்கைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த நேரம் பார்த்து மீசைக்கே முழங்கையில் அந்தப் பச்சைக் கண்ணாடி நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டது. மனுஷன் தன் கதை முடிந்தது என்றே நினைத்தார். ஆனால் அவர் அதை ஒரு வாரம் திட்டித் தீர்ப்பதற்குள் காயம் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிட்டது. பச்சைக் கண்ணாடி குற்றமற்றது என்று மீசையின் கை தீர்ப்பு எழுதியது. அதில் அவருக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

அப்படியானால் கோளாறு கண்ணாடியில் இல்லை, பல்லியிடம்தான். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "வாங்கண்ணே" என்று இரண்டு தெரு தள்ளியிருக்கிற மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று முரண்டு பிடிப்பார் என்று நினைத்தேன். பேசாமல் வந்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

கட்டு போடுகிற அறை சின்னது. ஒரு கட்டில், சக்கரம் வைத்த எவர்சில்வர் மேசை, உயரமான விளக்கு. அங்கிருந்த நர்ஸ் எங்கள் பட்டறை ஆட்களை எல்லாம் கையை வைத்தே அடையாளம் சொல்கிறவர். பூதக்கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தார். சில் எதுவும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டார், கிடையாது.

"நல்லாத் தூங்கறீங்களா?"

"தூங்கறேன் சிஸ்டர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பே அவர் சொன்னது பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நர்ஸ் சிரிக்கவில்லை. மருந்தைத் தடவிக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார். "வீட்ல யாராவது உடம்பு முடியாம இருக்காங்களா?"

பல்லி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவருடைய அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் பாதி நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். பல்லி தன்னுடைய ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கப் போகிறார். எல்லாப் பரிசோதனையும் முடிந்து, பொருந்துகிறது என்று சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கையில் இந்த வெட்டு. ஆறாமல் கசிகிற புண்ணோடு யாரையும் ஆபரேஷன் மேசையில் ஏற்ற மாட்டோம், சீழ் பிடித்தால் கொடுக்கிறவருக்கும் ஆபத்து, வாங்கிக்கொள்கிறவருக்கு அதைவிட ஆபத்து என்று ஆபரேஷன் செய்யப்போகிற பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எந்திரிச்சதும் கையைத்தான் பாக்கறேன் சிஸ்டர். வேலை நடுவுல பாக்கறேன். படுத்தா அதே நினைப்பு. தேதி வருது, இது ஆற மாட்டேங்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷமாகக் கை எட்டும் தூரத்தில் நின்று வேலை செய்கிறேன். என் பிள்ளைக்குப் பல் விழுந்தது வரை அவருக்குத் தெரியும். இதை மறைத்திருக்கிறார்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா வெயிட் தூக்க விடமாட்டீங்க. பாவம்னு பாப்பீங்க. எனக்கு ஆகாது."

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இப்படி நிறையப் பேரைப் பாத்திருக்கேன். வெட்டுப்பட்டதும் உடம்பு அந்த இடத்துக்கு ஆளனுப்பும். கிருமியத் தின்ன ஒரு கூட்டம், செத்ததை அள்ள ஒரு கூட்டம், புதுத் தோல் கட்ட ஒரு கூட்டம். அவங்களை வரச்சொல்லி முதல்ல ஒரு சத்தம் போகணும். ரொம்ப நாள் கவலையில இருக்கறவங்களுக்கு கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் இறங்காமலே நிக்கும். அது அந்தச் சத்தத்தை அமுக்கிடும். ஆளுங்க லேட்டா வருவாங்க, கொஞ்சமா வருவாங்க."

"பயந்தா உடம்பு சுறுசுறுப்பாத்தானே ஆகணும் சிஸ்டர்? நாய் துரத்தினா நான் ஓடற ஓட்டம் சாதாரணமா வராதே," என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"துரத்தற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது நல்லதுதான். காவல் செல் எல்லாம் ரத்தத்துல இறங்கித் தயாரா நிக்கும். கடிச்சாலும் சமாளிக்கணும்ல? ஆனா நாய் மாசக்கணக்கா துரத்திட்டே இருந்தா? உடம்பு ஓடறத மட்டும் பாக்கும். பழுது பாக்கற வேலைய அப்புறம்னு தள்ளிடும்."

இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்களாம். மறதி நோய் வந்த பெரியவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கிறவர்களின் கையிலும், அந்தப் பாடு இல்லாதவர்களின் கையிலும் ஒரே அளவில் சின்னதாகத் தோலை எடுத்துவிட்டு, எப்போது ஆறுகிறது என்று காத்திருந்திருக்கிறார்கள். பராமரிக்கிறவர்களுக்கு நாள் தள்ளித்தான் ஆறியது. மாணவர்களின் வாய்க்குள் புண் உண்டாக்கி, லீவு நாளில் எப்படி, பரீட்சை நேரத்தில் எப்படி என்றுகூடப் பார்த்திருக்கிறார்கள். வேண்டுமென்றே புண்ணாக்கிக்கொள்ள வாயைத் திறந்து காட்டியவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

"அப்ப நான் கவலைப்படாம இருந்தா ஆறிடுமா?" என்று பல்லி கேட்டார்.

"கவலைப்படாதீங்கன்னு நான் சொன்னா, ஐயோ கவலைப்படறோமேன்னு அதுக்கும் சேத்துக் கவலைப்படுவீங்க. ஒழுங்கா சாப்பிடுங்க. தூங்கப் பாருங்க. யார்கிட்டயாவது பேசுங்க. லேட்டாத்தான் ஆறும், ஆனா ஆறும்."

பட்டறையில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். சொன்னதன் பலனை நாங்கள் எல்லோரும் அனுபவித்தோம். பல்லியின் காதில் கவலை தருகிற செய்தி எதுவும் விழக்கூடாது என்று மீசை சட்டம் போட்டார். வேண்டியவருக்கு நல்லது செய்வதாக நினைத்து மனிதர்கள் செய்கிற கூத்து இருக்கிறதே, அதைப் பார்க்க இரண்டு கண் போதாது. ஒரு ஆள் உயர நிலைக்கண்ணாடி உடைந்தது. சத்தம் தெரு முனை வரை கேட்டிருக்கும். பல்லி உள்ளே வருவதற்குள் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, நான்கு பேரும் அதன்மேல் உட்கார்ந்துகொண்டோம். அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் சேர்ந்து இளிப்போம். அவர் வெட்ட வேண்டியதை மீசை வெட்டினார், கோணலாக. முதலாளி தன் கையாலேயே டீ போட்டு அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்து நானே ஏதோ விபரீதம் என்று நினைத்தேன்.

அன்று மாலை, இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பல்லி என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது.

"மறைக்காம சொல்லு. எனக்குப் பதிலா கண்ணாடி வெட்ட வேற ஆள் பாத்தாச்சா?"

"யாருண்ணே சொன்னது?"

"யாரும் எதுவும் சொல்லல. அதான் கேக்கறேன்."

மறுநாள் புண் இன்னும் அதிகமாகக் கசிந்தது. எங்கள் கூத்தினால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சாக்கை எடுத்துவிட்டோம், இளிப்பையும் நிறுத்திவிட்டோம்.

அடுத்த கட்டுக்கு நானும் கூடப் போனேன். அறைக்கு வெளியே பெஞ்சில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருந்தே ஊரை அதட்டிப் பழகியவர் என்பதால், உடம்பு வற்றியிருந்தாலும் குரல் வற்றவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகி, நிலைக்கவில்லை. தம்பிக்கு ஆகவே இல்லை. கீழ்வீட்டில் அவர், மாடியில் இவர், சண்டைக்குக் குறைச்சல் இல்லாத குடும்பம்.

என்னை யார் என்று கேட்டார். சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், புதுச் சிறுநீரகம் வைத்தால் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டேன்.

"ஏத்துக்காதாம்மா. யாரோ அன்னிய ஆள் வந்துட்டான்னு அடிக்கப் போகுமாம். அதனால என் காவலாளுங்களை மருந்து கொடுத்து அடக்கி வைக்கணுமாம், ஆயுசுக்கும். இவனுக்கு என்னடான்னா ஆளுங்க எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. எனக்கு எந்திரிச்சா ஆபத்து. எங்கம்மா எங்க ரெண்டு பேரையும் எந்த நேரத்துல பெத்தாளோ."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் எங்களோடு உள்ளே வந்து தம்பியின் கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வெகு நேரம் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுடா. இதைப் பிச்சுப் பிச்சு விடறியா?"

நர்ஸ் எடுத்த பஞ்சை மேசையில் வைத்தார். அக்கா விடவில்லை.

"குடுக்க மனசு இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். சின்ன வயசுல அடிபட்டா அன்னைக்கே மறைஞ்சுடும் உனக்கு. இப்ப மட்டும் எப்படி ஆறாம இருக்கும்?"

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பல்லி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வெட்டுப்பட்டபோதெல்லாம் கண் சிமிட்டாத மனுஷனுக்குத் தோள் குலுங்கியது.

"நான் தொடறதே இல்லக்கா. சத்தியமா. ஆனா பயமா இருக்கு."

"எதுக்கு?"

"ஆபரேஷனுக்குத்தான். பெரிய டாக்டர் பயமா இருக்கான்னு கேட்டார், இல்லைன்னு சொல்லிட்டேன். தினம் கண்ணாடிய வெட்டறவன் நான். என்னை வெட்டப் போறாங்கன்னு நினைச்சா கை நடுங்குது. அன்னைக்குக் கண்ணாடி சறுக்கினதே அதனாலதான். சொன்னா நீ வேணாம்னு சொல்லிடுவ. நீ வேணாம்னு சொன்னா..."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அதட்டுகிற குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நான் மட்டும் தூங்கறேன்னு நினைக்கறியா? நீ உள்ள போயி எந்திரிக்கலன்னா, உன் கிட்னிய வச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணுவேன்?"

நர்ஸ் அப்போதுதான் பேசினார். புண்ணைக் கிளறிய அடையாளம் எதுவும் இல்லை, கிளறியிருந்தால் ஓரம் வேறு மாதிரி இருக்கும், இது தானாக ஆறத் தாமதமாகிற புண் என்று அக்காவுக்கு விளக்கினார். பயப்படுகிற உடம்புக்கும் கொடுக்க விரும்பாத மனசுக்கும் சம்பந்தமில்லை என்றார். பிறகு, பெரிய டாக்டரிடம் பயத்தைச் சொல்லாமல் விட்டது தப்பு, அதை முதலில் போய்ச் சொல்லுங்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்.

சொன்னார்கள். தேதியைத் தள்ளிவைக்கும்படி அக்காவே கேட்டார். எந்தத் தேதி என்று குறிக்க வேண்டாம், கை ஆறட்டும், அதுவரை மெஷின் இருக்கிறது என்றார். பெரிய டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லையாம். பயமில்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் தனக்குப் பயம் என்றாராம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரைக் கூப்பிட்டு, பல்லியின் கேள்விகளுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்ல வைத்தார். எப்படித் தூங்க வைப்பார்கள், யார் பக்கத்தில் நிற்பார்கள், எப்படி எழுப்புவார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் இத்தனை கேள்வி கேட்டதே அன்றைக்குத்தான். நான் கூட இல்லாமல் போய்விட்டேனே என்று இன்றைக்கும் வருத்தம்.

அதுவரை அக்காவுக்கு மெஷின் ஓடும்போது பல்லி அந்த அறைக்குள் போனதில்லை. குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்க மாட்டேன் என்று வாசலோடு நின்றுவிடுவார். இப்போது உள்ளே போய் உட்கார ஆரம்பித்தார். அக்கா அதட்டிக்கொண்டிருப்பார், இவர் நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். நோயாளி யார் என்று வருகிறவர்களுக்குக் குழப்பம்.

புண் ஆறியது. ஒரே நாளில் இல்லை, மந்திரம் போட்ட மாதிரியும் இல்லை. முதலில் ஓரம் சிவந்தது, பிறகு பொருக்கு வந்தது, பிறகு உதிர்ந்தது. "பாத்தீங்களா சிஸ்டர், மனசுல இருக்கறதைச் சொன்னதும் ஆறிடுச்சு" என்று நான் குதித்தேன். தூக்கத்தினாலும் இருக்கலாம், சாப்பாட்டினாலும் இருக்கலாம், நாளானதாலும் இருக்கலாம் என்று நர்ஸ் என் வாயை அடைத்துவிட்டார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் நம்புகிறேன்.

ஆபரேஷன் அன்று பட்டறையை மூடிவிட்டு எல்லோரும் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தோம். முதலாளி நடந்து நடந்தே தரையைத் தேய்த்தார். மீசை ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. முதலில் பல்லியை வெளியே கொண்டுவந்தார்கள். வெகு நேரம் கழித்து அக்காவை. கிருமி அண்டக்கூடாது என்று அவரைத் தனி அறையில் வைத்துவிட்டார்கள். யாரும் உள்ளே போக முடியாது. ஒரே கட்டிடத்துக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் போனில்தான் பேச வேண்டும்.

மறுநாள் பல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தார்கள். விலாவுக்குக் கீழே பெரிய கட்டு. அந்தப் பக்கம் முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"டேய். இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"மேசையில வச்சுத் தைச்சு முடிக்கறதுக்குள்ளயே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சாம்டா. டாக்டர் சொன்னார். புது இடம்னுகூடப் பாக்கலையாம்." குரல் மெலிந்திருந்தது, அதட்டல் மட்டும் திரும்பியிருந்தது. "நீதான்டா பயந்தாங்கொள்ளி. அது இல்ல."

பல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுக்க, கட்டின்மேல் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"என்னடா சத்தம்? வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குதுக்கா," என்றார், உடனே, ஒளிக்காமல்.